சோற்றுத் தட்டிலிருந்து டில்லி வரை

(காட்டூரில் நடந்த மாணவர்–வாலிபர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



"சமூக மனோபாவத்தில் ஏற்பட்டுவரும் மாறுதல்கள்: மாணவர் கோரிக்கை முதல் தேசிய அரசியல் வரை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மிகப் பெரிய தலைப்பு. நான் பேராசிரியர் அல்ல. பத்தாவது தேறியவன். தேறிய பிறகு துவாக்குடிப் பக்கம் பட்டறையில் வெல்டிங் பிடித்தவன். பெரிய தலைப்பைப் பெரிதாகவே பேசும் சக்தி எனக்குக் கிடையாது. ஆகவே ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏந்தும் சோற்றுத் தட்டு. இந்தத் தட்டின் கதையைச் சொன்னால் நமது ஜனங்களின் மனோபாவம் எப்படி ஏறியது, எங்கே இறங்கியது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

காலையில் டீ குடிக்கும் இடைவேளையில் இரண்டு பேச்சுக்கள் என் காதில் விழுந்தன. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், "எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள்" என்றார். பக்கத்தில் நின்ற நம் மூத்த தோழர் ஒருவர், "இந்தக் காலத்துப் பையன்களுக்கு எல்லாம் வேண்டும்; ஆனால் கொடுத்தவனிடம் நன்றி கிடையாது" என்றார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக் கொண்டார்கள். ஒரே கருத்தைச் சொன்னதாக அவர்களுக்கு எண்ணம். நன்றாக யோசித்துப் பாருங்கள். முதலாமவர், கேட்பதே தவறு என்கிறார். இரண்டாமவர், கேட்கலாம், ஆனால் கும்பிட்டுக் கேட்க வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: கிடைப்பது யாரோ போடும் பிச்சை. அதைத்தான் நான் மறுக்கப் போகிறேன்.

நம் காட்டூரை ஒட்டிய பாப்பாக்குறிச்சியை உங்களுக்குத் தெரியும். தினம் அந்த வழியாகப் போய் வருகிறீர்கள். 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அங்கே வந்து சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இன்று இந்தியா முழுவதும் கோடிக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறார்களே, அதன் சரித்திரத்தை எழுதுகிறவன் இந்த ஊரின் பெயரை எழுதாமல் தாண்ட முடியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள். நான்கு பேர். சரி, நான்கு பேராவது இருக்கிறீர்கள்.

தட்டு 1982-இல் முளைத்ததல்ல. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் வெள்ளைக்கார சர்க்கார் குறுக்கே வந்தது. கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்றது. "கல்வி வேறு, சோறு வேறு" என்ற இந்த வாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கழித்தும் அது சாகவில்லை.

பிறகு காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. அதற்கு முன்பு நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டப்படி பிள்ளைகள் பாதிப் பொழுது பள்ளியில் படிப்பார்கள். மீதிப் பொழுது குடும்பத் தொழிலைப் பழகுவார்கள். தச்சன் மகன் தச்சன், வண்ணான் மகன் வண்ணான். நாடே எதிர்த்தது; 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் திட்டம் போனதனால் மட்டும் ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடுமா? வயிறு காய்ந்த பிள்ளை மாடு மேய்க்கப் போகுமே தவிர எழுத்து படிக்க வராது. அந்த உண்மையைக் காமராஜரும், கல்வித் துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலுவும் புரிந்து கொண்டார்கள்.

ஆனால் 1956-இன் மனோபாவம் என்ன? சர்க்கார் ஒரு பங்கு போடும், ஊரார் ஒரு பங்கு போட வேண்டும். ஊரில் கமிட்டி அமைத்து அரிசியும் பருப்பும் வசூல் செய்தார்கள். மிராசுதார் ஒரு மூட்டை நெல் அளந்தால் பள்ளிக்கூடத்தில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். அவருடைய வயலில் நாற்று நட்டவளின் பிள்ளை, அவர் எதிரில் கைகட்டி நின்றுவிட்டுச் சாப்பிட உட்காரும். நல்ல காரியந்தான், நான் குறை சொல்லவில்லை. அந்தக் கஞ்சியினால் எழுத்தறிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் அதன் சாயல் அன்னதானச் சாயல். கொடுப்பவனுக்குப் புண்ணியம், வாங்குகிறவனுக்குக் கூச்சம்.

பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது அதைவிடப் பெரியது. ஊர் வசூல் இல்லை. முழுச் செலவும் அரசுக் கஜானாவிலிருந்து. 1982 ஜூலையில் கிராமப்புறத்துப் பிள்ளைகள், அந்த செப்டம்பரிலேயே நகர்ப்புறம், 1984-இல் பதினைந்து வயது வரைக்கும். ஊருக்கு ஊர் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பெண்களுக்கு வேலை. அதிலும் விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முதலிடம். பத்திரிகைகளில் அன்று என்ன எழுதினார்கள்? கஜானா காலியாகும், பணம் விரயம், ஓட்டுப் பிடிக்கும் வித்தை என்றார்கள். படித்த பொருளாதார மேதைகளே அப்படிச் சொன்னார்கள். தமிழ்நாடு திவாலாகிவிட்டதா? பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

நானும் அந்தத் தட்டில் சாப்பிட்டவன். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது திட்டத்துக்கு இரண்டு வயது. என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். காலையில் வீட்டில் அடுப்பு எரிவது பாதி நாள்தான். ஒரு நாள் பெரிய மனிதர் யாரோ பார்வையிட வருகிறார் என்று எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். கையில் காலித் தட்டு. பன்னிரண்டரைக்கு வரவேண்டியவர் இரண்டு மணிக்கு வந்தார். கார் கதவு திறந்ததும் கைதட்டச் சொன்னார்கள். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினோம். எதற்காகத் தட்டுகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. பசிக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆறு வயசுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அன்று கற்றுக்கொடுத்த அரசியல் பாடம் அதுதான்: சோறு வேண்டுமா, முதலில் கைதட்டு.

1982-இன் மனோபாவம் இது. மிராசுதாரின் நாற்காலியில் இப்போது தலைவர் உட்கார்ந்தார். கொடை பெரிதாயிற்று. ஆனால் கொடை கொடையாகவே இருந்தது.

தட்டு கோர்ட்டுக்குப் போன கதை

மாறுதல் எங்கிருந்து வந்தது? வடக்கேயிருந்து. ராஜஸ்தானில் கடும் வறட்சி. ஜனங்கள் பட்டினி. அதே சமயத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிந்து, மழையில் நனைந்து, எலி தின்று கொண்டிருந்தது. 2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். அவர்கள் கேட்டது தர்மம் அல்ல. உயிர் வாழும் உரிமை அரசியல் சாசனத்தில் இருக்கிறதே, சோறு இல்லாமல் எப்படி உயிர் வாழ்வது என்று கேட்டார்கள். எளிய கேள்வி. அதைக் கேட்கச் சுதந்திரத்துக்குப் பின் ஐம்பத்து நான்கு வருஷம் ஆயிற்று!

2001 நவம்பர் 28 அன்று கோர்ட் உத்தரவு போட்டது. சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் உதவிபெறும் ஆரம்பப் பள்ளிகளிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த உணவு கொடுக்க வேண்டும். குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்தில் குறைந்தது 200 நாள். அதற்கு முன்பு 1995-இலேயே மத்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் மாதம் இவ்வளவு கோதுமை என்று வீட்டுக்கு அளந்து கொடுத்து முடித்துக்கொண்டார்கள். சமைத்துப் போடுவது சாத்தியமில்லை என்றார்கள். அவர்களுக்குப் பதிலாக நின்றது தமிழ்நாட்டின் அனுபவம். பாப்பாக்குறிச்சியில் பற்ற வைத்த அடுப்பு பத்தொன்பது வருஷமாக அணையாமல் எரிந்து கொண்டிருந்தது அல்லவா!

அதற்குப் பிறகு 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளையின் மதிய உணவு அந்தச் சட்டத்தில் உரிமையாக எழுதப்பட்டது. சட்டம் தொடக்கத்தில் அவசரச் சட்டமாகப் பிறந்தது. தேதி 2013 ஜூலை 5. விசித்திரம் என்னவென்றால், அதே நாளில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் வாக்களித்த வண்ணத் தொலைக்காட்சி, 2011 தேர்தலில் வாக்களித்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி பற்றிய வழக்கு. இப்படி வாக்களிப்பது சட்டப்படி லஞ்சம் ஆகாது. ஆனாலும் நேர்மையான தேர்தலின் வேரையே இது அசைக்கிறது என்று சொல்லி, தேர்தல் கமிஷன் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது. ஒரே நாளில் டில்லியில் இரண்டு காரியம்: ஒரு பக்கம் சோறு உரிமை என்ற சட்டம், மறுபக்கம் இலவசம் ஆபத்து என்ற தீர்ப்பு. அன்றையிலிருந்து இந்த இரண்டு எண்ணங்களும் நாட்டில் மல்லுக்கட்டி நிற்கின்றன.

டி.வி. பெட்டியும் சோறும் ஒன்றா என்று யாராவது கேட்டால் ஒன்றல்ல என்றுதான் சொல்வேன். டி.வி. இல்லாமல் பிள்ளையின் எலும்பு தேயாது. இந்த வித்தியாசத்தை நாம் தயங்காமல் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதனால்தான் எதிரிகள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே "இலவசம்" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

எள் மிட்டாயும் ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் கோடியும்

2022 ஜூலை 16 அன்று பிரதம மந்திரி மோடி உத்தரப்பிரதேசத்து ஜலானில் ஒரு நெடுஞ்சாலையைத் திறந்து வைத்தார். அங்கே பேசும்போது, இலவசங்கள் கொடுக்கும் அரசியலை "ரேவ்டி" கலாசாரம் என்று கண்டித்தார். ரேவ்டி என்பது வடநாட்டு எள் மிட்டாய். திருவிழாவில் பிள்ளைகளுக்கு வீசுவது. நாட்டு முன்னேற்றத்துக்கு இது மிகவும் ஆபத்து என்றார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2023-இல் மத்தியப் பிரதேசத்தில் அவருடைய கட்சி சர்க்காரே பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் தேர்தல். 2024-இல் மகாராஷ்டிரத்தில் அவருடைய கூட்டணி சர்க்கார் மாதம் 1,500 ரூபாய் கொடுத்தது. அங்கேயும் அந்த வருஷக் கடைசியில் தேர்தல். பெண்கள் கைக்குப் பணம் போவதை நான் எதிர்க்கவில்லை, போகட்டும். மற்றவன் கொடுத்தால் மிட்டாய், தான் கொடுத்தால் தாயன்பா என்றுதான் கேட்கிறேன்.

இதைவிட முக்கியமான விஷயம் ரேஷன். 2013 சட்டப்படியே எண்பது கோடிப் பேருக்கு மலிவு விலையில் தானியம் கிடைக்க வேண்டும். அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்று சட்டத்தில் விலை போட்டிருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அந்த 3 ரூபாயும் வேண்டாம் என்றார்கள். நல்லதுதான். (தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 ஜூனிலிருந்தே அரிசிக்குக் காசு வாங்குவதில்லை, அது போகட்டும்.) 2023 நவம்பரில் சத்தீஸ்கர் தேர்தல் கூட்டத்தில் பிரதம மந்திரி, இதை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கிறேன் என்று அறிவித்தார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். சட்டம் கொடுத்த உரிமை என்பது மறைந்து, ஒரு மனிதர் மனமிரங்கிக் கொடுத்த பரிசு என்று ஆகிவிட்டது. ரேஷன் பையில் அவர் படம். வாங்குகிறவருக்கு ஒரு புதுப் பெயர்: "பயனாளி". முன்பு பிரஜை என்றோம், வாக்காளர் என்றோம், உழைப்பாளி என்றோம். இன்று பயனாளி!

இதில் டில்லியை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமாகாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011-இலிருந்து கொடுத்த மடிக்கணினியில் முதலமைச்சர் படத்தை ஒட்டிக் கொடுத்தது தமிழ்நாடு. ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கிய பொருளில் தலைவர் முகம் எதற்கு? கட்சி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்.

சரி, "இலவசம் நாட்டைக் கெடுக்கும்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய நிதி மந்திரி கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார். இதனாலும் உடன் அறிவித்த சலுகைகளாலும் கஜானாவுக்கு வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அவரே சொன்னார். அதை மிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை. "ஊக்கம்" என்றார்கள். முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம், கூலிக்காரன் பிள்ளைக்குக் கொடுத்தால் சோம்பேறித்தனம். பிள்ளைக்குக் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளைச் சமையல் பொருளுக்கு மத்தியத் திட்டம் வைத்த தொகை 5 ரூபாய் 45 காசு. 2024 டிசம்பரில் அதை உயர்த்தினார்கள்: 6 ரூபாய் 19 காசு. உயர்வு 74 காசு! பருப்பு, காய்கறி, எண்ணெய், விறகு எல்லாம் அதற்குள். தஞ்சாவூர் ரோட்டு டீக்கடையில் ஒரு டீ கூட அதற்கு வராது.

நம் பிள்ளைகளைப் பற்றி

இப்போது மாணவர்களைப் பற்றிப் பேச வேண்டும். சுற்றி வளைக்காமல் பேசுகிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள்.

2019-இல் பல மாவட்டங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் தங்களுக்கு வரவேண்டிய மடிக்கணினி வரவில்லை என்று பள்ளி வாசலில் உட்கார்ந்தார்கள், ரோட்டை மறித்தார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள்: ஓசிக் கம்ப்யூட்டருக்கு ஒரு போராட்டமா! நான் சிரிக்கவில்லை. அறிவித்தது சர்க்கார், ஒரு வருஷத்துப் பிள்ளைக்குக் கொடுத்து அடுத்த வருஷத்துப் பிள்ளையை விட்டது சர்க்கார். ஏன் என்று கேட்டது பிள்ளை. அதில் என்ன அகம்பாவம்?

1958-இல் கேரளத்தில், நம்மவர்கள் ஆட்சியில் இருந்தபோது, குட்டநாட்டுப் படகுப் போக்குவரத்தில் மாணவர்களுக்கு ஓரணாவாக இருந்த கட்டணம் பத்துக் காசாக உயர்ந்தது. மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள். தலைமை தாங்கியது நமக்கு எதிரான ஸ்தாபனம். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. தலைமை தாங்கியவர்களின் நோக்கம் வேறாக இருக்கலாம். படகில் போகும் ஏழை மாணவனுக்கு நாலு காசு பெரிது என்பது நியாயமே. இதைச் சொல்ல நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? கேட்கும் பழக்கம் உள்ள இளைஞன் எந்த ஆட்சியிலும் கேட்பான். அவன் கேட்க வேண்டும்.

ஆகவே மூத்த தோழர்களே, பிள்ளைகளுக்கு நன்றி இல்லை என்று வருத்தப்படாதீர்கள். பொன்மலைச் சங்கத் திடலில் 1946 செப்டம்பர் 5 அன்று மலபார் போலீஸ் சுட்டு ஐந்து ரயில்வேத் தொழிலாளிகள் விழுந்தார்கள். அவர்கள் ரயில்வே நிர்வாகத்துக்கு நன்றி சொல்லத் திடலுக்கு வரவில்லை. நன்றி சொல்லும் வழக்கத்தை விட்டவர்கள்தான் சங்கம் வைத்தார்கள்.

தம்பிகளிடம் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. தன் உரிமை தெரிந்த பிள்ளை பக்கத்தில் நிற்பவரின் உரிமையைக் கண்டு முகம் சுளிக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. கல்லூரிப் பாஸைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் மாணவனே, கூடையோடு ஏறும் அம்மாவைப் பார்த்து "ஓசி டிக்கெட்" என்கிறான். என் காதால் கேட்டிருக்கிறேன், இதே துவாக்குடி பஸ்ஸில். அவனைச் சொல்வானேன்? 2022-இல் ஒரு மந்திரியே மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கம் கொடுத்தார். தம்பி, உன் பாஸும் அதே கஜானாதான். இந்த ரோட்டின் கோடியில் 1964-இல் வட்டார எஞ்சினீயரிங் கல்லூரியாகத் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறதே, அங்கே படிப்புச் செலவில் கணிசமான பங்கைப் பொதுப்பணம் தாங்குகிறது. அங்கே படித்து வெளிநாடு போகிறவனை யாரும் பயனாளி என்று சொல்வதில்லை. அவனுக்குப் பெயர் "தகுதி". அம்மாவுக்குப் பெயர் "ஓசி".

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, ஒரு நாளேடு, பிள்ளைகள் இரண்டு வேளை தின்பதால் பள்ளிக் கழிப்பறை நிரம்புகிறது என்ற பொருளில் முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டது. தமிழ்நாடே காறித் துப்பியது. துப்ப வேண்டியதுதான். ஆனால் அந்தத் தலைப்பை எழுதியவன் எங்கிருந்து வந்தான்? வானத்திலிருந்து குதிக்கவில்லை. பஸ்ஸில் "ஓசி" என்கிறவன்தான் பத்திரிகைக்குப் போய் அதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறான்.

இன்னும் ஒரு படி கீழே போவோம். 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமையலராக வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணைச் சமைக்க விடாமல் ஊரில் சாதி மேலோங்கியவர்கள் தடுத்தார்கள். அதிகாரிகளும் அவரை வேறு ஊருக்கு மாற்றி உத்தரவு போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தாயிற்று, வன்கொடுமை வழக்குப் பதிவாயிற்று. தட்டு இலவசமாக வரலாம். ஆனால் யார் கையால் வருகிறது என்று பார்த்தார்கள்! உரிமை என்பது பருப்பின் அளவு மட்டுமல்ல. யார் சமைத்தாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அதில் சேர்ந்தது.

அடுப்படியில் நிற்பவர்

இந்தக் கதையில் எல்லோரையும் பற்றிப் பேசுகிறார்கள்: தொடங்கி வைத்த தலைவர், தீர்ப்புச் சொன்ன நீதிபதி, சாப்பிடும் பிள்ளை. அடுப்படியில் நிற்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மத்தியத் திட்டத்தில் சமையல் செய்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2009-இல் வைத்தார்கள். அதற்குச் சம்பளம் என்று பெயர் கூடக் கிடையாது, "மதிப்பூதியம்". அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்கு. பத்தாண்டுகள் கடந்தும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது. தமிழ்நாட்டில் நிலைமை மேல். சங்கம் வைத்துப் பலமுறை மறியல் செய்து, ஜெயிலுக்குப் போய், சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்றைப் பெற்றார்கள். ஆனாலும் முழு அரசு ஊழியர் என்ற அந்தஸ்து இல்லை. முப்பது வருஷம் புகையில் நின்று ஓய்வு பெற்றவருக்குச் சிறப்பு ஓய்வூதியம் நெடுங்காலம் மாதம் 2,000 ரூபாயாகவே இருந்தது. இவர்கள் மறியல் செய்யும்போது சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? கல்லூரியில் இருக்கிறார்கள், பெல் கம்பெனிக்கு வேலை செய்யும் பட்டறைகளில் இருக்கிறார்கள், இந்த வகுப்பிலும் இருக்கிறார்கள். யாரும் கூட வந்து நிற்பதில்லை.

கொடையாகக் கொடுத்தால் எப்படியும் கொடுக்கலாம் என்ற அலட்சியம் வந்துவிடும். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் நடந்ததை மறக்க முடியுமா? ஓலைக் கூரையின் கீழ் சத்துணவு அடுப்பு; கூரையில் தீ; குறுகலான படிக்கட்டு; 94 பிள்ளைகள் கருகினார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரையை அகற்றும் உத்தரவு ஓடியது. 2014-இல் வந்த தீர்ப்பில் பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. அடுப்பெரித்த சமையல்கார அம்மாவுக்கும் ஐந்து வருஷம். ஓலையின் கீழ் அடுப்பு வைக்கச் சொன்னது அந்த அம்மாவா? பாதுகாப்பான சமையற்கட்டு வேண்டும் என்று பெற்றோர் கேட்டிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது சுலபம். ஓசிச் சோற்றுக்குச் சமையற்கட்டு வேறு கேட்கிறாயா என்று முகத்தில் அடித்திருப்பார்களே. சோறு உரிமையானால்தான் சமையற்கட்டைப் பற்றிக் கேட்க வாய் வரும்.

2013 சட்டத்தில் அது எழுதியே இருக்கிறது. மதிய உணவு போடும் ஒவ்வொரு பள்ளியிலும் சமைக்க இடம், குடிதண்ணீர், சுகாதார வசதி இருக்க வேண்டும். 2015-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேல். பள்ளி நடந்த எந்த நாளிலாவது உணவு போடவில்லை என்றால், அந்த நாளுக்கான தானியமும் சமையல் செலவுப் பணமும் பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாட்கள், அல்லது மாதத்தில் ஐந்து நாட்கள் உணவு நின்றால், யார் பொறுப்பு என்று மாநில சர்க்கார் நிர்ணயிக்க வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பது எந்தப் பெற்றோருக்குத் தெரியும்? தலைவர் படம் போட்ட பலகை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. இந்த விதியை எழுதிய பலகையை நான் ஒரு பள்ளியிலும் பார்த்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. காட்டூர், பாப்பாக்குறிச்சி, அரியமங்கலம், திருவெறும்பூர் பகுதிகளில் உள்ள சத்துணவு மையங்களுக்கு நாம் போகப் போகிறோம். இருவர் இருவராக, பள்ளி நாளில், மதியம் பன்னிரண்டு மணிக்கு. தலைமை ஆசிரியரிடம் முறையாக அனுமதி கேட்டுவிட்டு. பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். பிரசங்கமும் வேண்டாம். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூன்று பேரும் இருக்கிறார்களா, எந்த இடம் எத்தனை மாதமாகக் காலி, ஒரே அமைப்பாளர் எத்தனை மையங்களைப் பார்க்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, 2010-இலிருந்து வாரம் ஐந்து முட்டை என்கிறார்களே அது வருகிறதா என்று கேட்டு எழுதி வாருங்கள். சமையலரை அக்கா என்று கூப்பிட்டு, உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வதைத்தான் முதலில் எழுத வேண்டும். சேர்ந்த விவரத்தை வைத்துக் கலெக்டருக்கு மனுத் தயாரிப்போம். அந்த மனுவில் பெற்றோரும் சமையலரும் கையெழுத்துப் போடுவார்கள். மனுவில் "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்ற வரி இருக்காது. சட்டத்தின் எண், விதியின் எண், தேதி, காலியிடத்தின் எண்ணிக்கை, இவ்வளவுதான் இருக்கும்.

பாப்பாக்குறிச்சிக்குப் போக இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.